பெஸ்னா காதில் விழாமல்

பெஸ்னா எங்கள் தெருவுக்கு வந்த வருஷம், எங்கள் தியார்பகீர் நகரத்தில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. போராளிகளுக்குச் சோறு போடுகிறார்கள் என்று சொல்லி, மலைக் கிராமங்களை ராணுவம் ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டிருந்தது. லாரி லாரியாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். கூடவே ஆடுகளையும் இறக்கி, மூன்றாம் மாடி வீட்டுப் பால்கனியில் கட்டினார்கள். பெஸ்னாவிடம் ஆடு இல்லை. புருஷன் தாஜ்தீன், கையில் ஒரு பெண் குழந்தை, முதுகில் இன்னொன்று, ஒரு கம்பளி மூட்டை. அவ்வளவுதான்.

அவர்கள் ஊரில் ராணுவம் வைத்த கேள்வி எல்லா ஊரிலும் வைத்த அதே கேள்வி. அரசாங்கத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஊர்க்காவல் படையில் சேர்கிறாயா, ஊரை விட்டுப் போகிறாயா? தாஜ்தீன் போகிறேன் என்றான். அவன் தம்பி சப்ரி துப்பாக்கியை வாங்கிக்கொண்டான். ஒரே அடுப்பில் சாப்பிட்ட அண்ணன் தம்பி, ஒரே நாளில் இரண்டு கட்சி ஆனார்கள்.

எங்கள் பக்கத்தில் அந்தத் துப்பாக்கியை வாங்கியவனுக்கு 'ஜாஷ்' என்று பெயர். கழுதைக்குட்டி என்று அர்த்தம். வாங்கியவன் மட்டுமல்ல, அவன் அண்ணி, அண்ணி பெற்ற பிள்ளைகள் வரைக்கும் அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். தாஜ்தீன் இருந்தவரை ஒட்டவில்லை. தெற்கே கடலோர ஊர் ஒன்றில் ஓட்டல் கட்டும் வேலைக்குப் போனவன், சாரம் சரிந்து விழுந்து செத்தான். சவத்தை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தது சப்ரி. காவல்படைக் காரில் கொண்டுவந்தான். அன்றைக்குத் தெரு முழுவதும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று அந்தக் காரைப் பார்த்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சப்ரி வருவான். அக்ரூட் கொட்டை ஒரு மூட்டை, மலைப்பூண்டு போட்ட பாலாடைக்கட்டி ஒரு பானை. இறக்கிவைத்துவிட்டு டீகூடக் குடிக்காமல் போய்விடுவான். பெஸ்னா அதை வாங்கிக்கொள்வாள். அண்ணன் பிள்ளைகளுக்குச் சித்தப்பன் கொண்டுவந்தது, அதை எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வாள்?

அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது பெரிஹான். பெரிஹான் அரசியலுக்கு வருமுன் எங்கள் மாவட்டத்து மலை ஊர்களில் மருத்துவச்சி. பெஸ்னாவின் சின்னவள் பெல்ஷின் பிறந்தபோது பாதையெல்லாம் பனி மூடிக் கிடந்தது. பெரிஹான் கோவேறு கழுதைமேல் வந்து, தொப்புள்கொடி அறுத்து, பெல்ஷின் என்ற பெயரையும் அவளே வைத்தாள். தாஜ்தீன் செத்த நேரத்தில் பெரிஹான் நகரத்தில் கைதிகள் குடும்பச் சங்கத்தை நடத்திக்கொண்டிருந்தாள். விதைக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இரண்டு அறை. பெஸ்னாவைக் கூட்டிக்கொண்டு போய், "இனிமே டீ இவ கைலதான். இந்தக் கைய எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பல வருஷம் பெஸ்னா அங்கே டீ போட்டாள். கள்ளச்சரக்காக எல்லை தாண்டி வருகிற சிலோன் தேயிலை, மேல் பாத்திரத்தில் ஊறிக் கறுத்த டிகாக்ஷன், சின்னக் கண்ணாடிக் கிளாஸ். அந்த அறையில் அழாத அம்மா கிடையாது. அவர்கள் எல்லோருக்கும் முதல் கிளாஸை நீட்டியது பெஸ்னாதான்.

பிறகு பெரிஹான் தன் சொந்தச் சிற்றூருக்கு மேயராக நின்று ஜெயித்தாள். ஜெயித்த மறு வருஷமே, ஒரு விடியற்காலையில், எங்கள் பகுதியெங்கும் கதவுகளை உடைத்து ஆட்களைப் பிடித்தபோது அவளையும் பிடித்தார்கள். தெருவில் எல்லோருக்கும் வேண்டிய ஃபிக்ரி மாமாவின் மகன் ரேசானையும் அன்றைக்குத்தான் பிடித்தார்கள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பையன்.

ஃபிக்ரி மாமா நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்ற ஆள், வெள்ளை மீசை, பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும். பெரிஹானை விடுதலை செய்யச் சொல்லி நடந்த இயக்கத்துக்கு அவர்தான் தலைவர். சனிக்கிழமைதோறும் பூங்காவில் உட்கார்ந்து போராட்டம். பெரிஹானின் படத்தைப் பெரிதாக அச்சடித்து மடியில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் உட்காருவார்கள். மாமா மைக்கைப் பிடித்து மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பெரிஹானைப் பற்றிப் பேசி முடிப்பார். கேட்டு நிற்கிற போலீஸ்காரனே சமயத்தில் தலையைக் குனிந்துகொள்வான்.

சந்தேகம் எப்போது உள்ளே வந்தது என்று கேட்டால், அங்காராவுக்குப் போன பஸ்ஸோடு வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி, அதைப் பாராளுமன்றத்தில் கொடுக்க அங்காராவுக்குப் புறப்பட்டார்கள். வடக்கு ரோடு வழியாகப் போவதாகத்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தது. கிளம்புகிற காலையில், சங்கத்து அறையில் ஆறேழு பேர் உட்கார்ந்து, வேண்டாம், மேற்கே சுற்றிப் போவோம் என்று மாற்றினார்கள். பெஸ்னா அப்போது கிளாஸ்களை எடுத்துக்கொண்டிருந்தாள். மேற்கு ரோட்டில் நகரத்தைத் தாண்டிய முதல் சந்திப்பிலேயே போலீஸ் வண்டிகள் குறுக்கே நின்றன. டிரைவரை இறக்கி, நேராகப் பின் சீட்டுக்கு அடியில் கையை விட்டுக் கையெழுத்துப் பெட்டிகளை எடுத்தார்கள். தேடவேயில்லை.

பஸ்ஸில் போன ஹதியே கிழவிதான் அதை வந்து சொன்னாள். கிழவிக்கு ஒரு மகன் சிறையில், ஒரு மகன் மலையில் போராளிகளோடு. "தேடலடி. அவங்க வீட்டு அலமாரியில இருந்து எடுக்கற மாதிரி எடுத்தாங்க."

அதற்குப் பின் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்தது. பேனர் தைத்த வீட்டுக்குப் போலீஸ் வந்தது. வெளியூரிலிருந்து வந்த வக்கீல்கள் தங்கிய வீட்டை மறுநாள் சுற்றி வளைத்தார்கள். சங்கத்தில் பேச்சு குறைந்தது. ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுப் பேசினார்கள். செல்போன்களை எல்லாம் சேர்த்து, பெஸ்னாவின் அடுக்களையில் ஒரு டப்பாவில் போட்டு மூடினார்கள். பிறகு யாருக்கோ தோன்றியது, டப்பா ஏன் அவளிடம் இருக்க வேண்டும்? டப்பாவை மாடிப்படிக்கு மாற்றினார்கள்.

பெஸ்னா தட்டோடு உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். திடீரென்று யாராவது தர்பூசணி விலையைப் பற்றி ஆரம்பிப்பார்கள். அவள் வெளியே போனதும் காலடி ஓசை அடுக்களை வரை போகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்கள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. யாரோ மேல் சந்தேகம் என்பது புரிந்தது. அவளும் ஆட்களை எடை போட ஆரம்பித்தாள். புதிதாக வருகிற தாடிக்காரப் பையனா? அடிக்கடி செருப்பு மாற்றுகிற அந்தப் பெண்ணா? யார் சீக்கிரம் எழுந்து போகிறார்கள், யார் ஜன்னல் பக்கம் நிற்கிறார்கள்? எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, எல்லோரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்பது கடைசியாகத்தான் தெரிந்தது.

ஒருநாள் ஃபிக்ரி மாமா நாலு பேரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "பாம்புக்குக் காலில்ல. ஆனா அடுப்படிக்கு வழி தெரியும். நான் யார் பேரையும் சொல்லல. ஒரு பொய்யை ஒரே ஒரு காதுல போட்டுப் பாருங்க. அது எங்க போய் முளைக்குதுன்னு தெரிஞ்சுடும்."

அந்தக் காது யாருடையது என்று அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. எந்தப் பொய் என்பதையும் அவரோடு உட்கார்ந்தே முடிவு செய்தார்கள். ஹதியே கிழவி அடுக்களையில் உட்கார்ந்து, பெஸ்னா கேட்கும்படி இன்னொருத்தியிடம் சொன்னாள்: சனிக்கிழமைக்கான படங்களும் பேனரும் வேய்சியின் ரொட்டிக்கடை மாவு அறையில் இருக்கின்றன.

வேய்சி என் அண்ணன். அவன் கடையைத் தூண்டில் புழுவாக மாட்டப் போகிறோம் என்று அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் போலீஸ் வந்தது. மாவு மூட்டை ஒவ்வொன்றையும் கத்தியால் கிழித்தார்கள். தெருவே வெளுத்துப் போனது. ஒன்றும் கிடைக்காத கோபத்தில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை.

இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அன்று மாலை சங்கத்தில் பெஸ்னா வழக்கம்போல டீ கொண்டுவந்தாள். ஆளுக்கொரு கிளாஸ் எடுத்தார்கள். ஒருவரும் வாயில் வைக்கவில்லை. எங்களிடையே போதும் என்று சொல்ல, காலிக் கிளாஸின் மேல் கரண்டியைக் குறுக்கே வைப்பது வழக்கம். அன்று நிறைந்த கிளாஸின் மேல் கரண்டியை வைத்தார்கள். ஹதியே முதலில் வைத்தாள், மற்றவர்கள் வரிசையாக வைத்தார்கள். ஃபிக்ரி மாமா மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல், சர்க்கரைக் கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

பெஸ்னா தட்டைக் கீழே வைத்தாள். "யாராவது ஒருத்தர் வாயால சொல்லுங்க" என்றாள். கரண்டிகள் கிளாஸ்களின் மேலேயே இருந்தன. ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு நகரத்தின் புதுப்பகுதியில், அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுகளைக் கழுவும் வேலைக்குப் போனாள். பெரியவள் நூர்ஷின் வேலை பார்த்த தையல் பட்டறையில், பக்கத்து மெஷினில் இருந்தவள் இடம் மாற்றிக்கொண்டாள். பெல்ஷினைப் பள்ளிக்கூடத்தில் 'கழுதைக்குட்டி' என்று கூப்பிட்டு, பின்னால் கழுதைபோல் கத்திக் காட்டினார்கள். பெல்ஷின் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அம்மா, நீ யார்கிட்டயாவது ஏதாவது சொன்னியா? தெரியாமலாவது?" என்று கேட்டாள். பெஸ்னா அடிக்கக் கை ஓங்கினாள். பிறகு அந்தக் கையாலேயே மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இதை எனக்குச் சொன்னது பெல்ஷின்தான், ரொம்ப நாள் கழித்து.

அந்த இலையுதிர் காலத்தில் சப்ரி வந்தபோது, முதன்முறையாக உட்கார்ந்து டீ குடித்தான்.

"அண்ணி, கேள்விப்பட்டேன். உங்கள அவங்க நம்ப மாட்டாங்க. நான் அன்னைக்கே சொன்னேன். ஊருக்கு வந்துடுங்க. அண்ணன் வீடு அப்படியேதான் இருக்கு, கூரை மாத்திட்டேன்."

"என் பேரை நீ எங்கயாவது குடுத்தியா சப்ரி?"

"அண்ணன் கல்லறை மேல ஆணை, இல்ல."

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். குரலைத் தாழ்த்தி, ராணுவ முகாமில் தனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறான், சங்கத்துக்குள் இருந்து தகவல் கொடுப்பது யார் என்று கேட்டால் சொல்லுவான் என்றான். பெயர் கிடைத்தால் பெஸ்னா தலை நிமிர்ந்து நடக்கலாமே.

பெஸ்னா அவன் வைத்த கிளாஸை எடுத்து ஓரமாக வைத்தாள். அவளுக்கு அந்தப் பெயர் வேண்டும். தண்ணீர் இல்லாதவனுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதுபோல வேண்டும். ஆனால் அவள் யோசித்தாள். முகாமிலிருந்து வருகிற பெயர் நிஜமா, இன்னொரு வீட்டை உடைக்க அவர்களே செய்து கொடுத்ததா, யார் அறிவார்? சப்ரி நிஜமாகவே அவளுக்காக வந்தானா? இந்தக் கேள்வியும் அவள் நெஞ்சில் எழுந்தது.

"வேணாம். உன் வாயில இருந்து வர்ற பேரு யாரோடதா இருந்தாலும் அவன் பொழைக்க மாட்டான். தப்பான ஆளா இருந்தா என் கதிதான் அவனுக்கும்."

"அப்போ இப்படியே இருக்கப் போறீங்களா?"

"இருப்பேன். அக்ரூட் மூட்டையையும் எடுத்துட்டுப் போ. இந்த வருஷம் வேணாம்."

அவன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனதையும் தெரு பார்த்தது. அதற்கும் ஒரு அர்த்தம் சொன்னார்கள். சம்பளப் பேரம் படியவில்லையாம்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. ஒரே வழக்கில் அத்தனை பேர் என்பதால் பெரிய கூடம் ஒன்றில் நீதிமன்றம் நடந்தது. குற்றப்பத்திரிகையின் பாதி ஒரு ரகசிய சாட்சியின் வாக்குமூலம். ஆளைக் காட்டமாட்டார்கள், பெயர் சொல்லமாட்டார்கள். வேறொரு அறையிலிருந்து பேசுவார், மெஷின் குரலை மாற்றி ஸ்பீக்கரில் விடும். ஆணா பெண்ணா என்றே தெரியாது.

அன்று காலை ஆலங்கட்டி மழை. பெஸ்னா நனைந்து போய் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. கைதிகளை உள்ளே கொண்டுவந்தபோது பெரிஹான் கண்ணால் துழாவினாள். மெலிந்து, முடியெல்லாம் நரைத்திருந்தது. பெஸ்னாவைக் கண்டதும் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் கத்திரிபோல ஆட்டிக் காட்டினாள். தொப்புள்கொடி அறுத்ததைச் சொல்கிறாள் என்று பெஸ்னாவுக்கு மட்டும் புரிந்தது.

பெரிஹான் அரசாங்க பாஷையை விட்டு எங்கள் பாஷையில் பேச எழுந்தாள். மைக்கை அணைத்தார்கள். 'அறியப்படாத ஒரு மொழியில் பேசினார்' என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் கூடத்தில் நீதிபதிகளைத் தவிர எல்லோரும் அறிந்த மொழி அது.

பிறகு ஸ்பீக்கர் கரகரத்தது. அந்தக் குரல் பேச ஆரம்பித்தது. சங்கத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், பெரிஹான் எந்தெந்த உத்தரவுகளைப் போட்டாள். பாதி நடந்தது, பாதி நடக்காதது, இரண்டையும் பிரிக்க முடியாதபடி பின்னியிருந்தது. ஹதியே கிழவி பக்கத்திலிருந்தவள் காதில், "அவ பேச்சேதான். அந்த மலையூர் இழுப்பக் கேளு" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தவள் திரும்பியபடியே இருந்துவிட்டாள். பெஸ்னா பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். வாயை மூடியபடி.

பெரிஹானுக்கு வாதாடிய வக்கீல் சோஸ்தார் சின்னப்பெண், சுருக்கென்று பேசுவாள். குரல் முன்பே பதிவு செய்ததா, இப்போது பேசுவதா என்று கேட்டாள். இப்போது பேசுவதுதான் என்று நீதிபதி சொன்னார். அப்படியானால் இன்று காலை இந்த ஊரில் என்ன பெய்தது என்று சாட்சி சொல்லட்டும் என்றாள். ஸ்பீக்கர் மறுபடி கரகரத்தது. பிறகு, "ஆலங்கட்டி" என்றது குரல்.

இடைவேளையில் எல்லோரும் வெளியே நின்று சிகரெட் பிடித்தார்கள். ஒருவர் கண் இன்னொருவர் மேல் போய்ப் போய் வந்தது. வழக்கமாக முதல் வரிசையில் இருக்கும் ஃபிக்ரி மாமா அன்று வரவில்லை. சிறுநீரகக் கல், வலி தாங்கவில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்தக் குரலையும் அவர் வராததையும் சேர்த்து வைத்து யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்த ஒருவனை அவன் மனைவியே முழங்கையால் இடித்தாள். மகன் சிறையில் கிடக்கிற மனுஷனைப் போயா?

அதனால் பெஸ்னா தப்பினாள் என்று நினைக்கவேண்டாம். ஒரு வாரத்துக்குள் தெரு வேறு கணக்குக்கு வந்துவிட்டது. சாட்சி சொல்லுவது வேறே, உளவு சொல்லுவது வேறே. சாட்சி அவள் இல்லை, சரி. அதனால் உளவும் அவள் இல்லை என்று ஆகிவிடுமா? சோஸ்தார் அவள் வீட்டுக்குப் போய், உங்கள்மேல் குற்றமில்லை என்று எனக்குத் தெரியும் என்றாள். பெஸ்னா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "உன்ன யாரு அனுப்பினா?" என்று கேட்டாள். வக்கீல் திகைத்துப் போய்த் திரும்பினாள்.

அடுத்த விசாரணையில் ரேசானை விடுதலை செய்தார்கள். தெருவில் மேளம், ஸுர்னாக் குழல், கைகோத்து ஆட்டம். ஃபிக்ரி மாமா ஒரு ஆட்டை வெட்டினார். ஆனால் ஆட்டம் சீக்கிரமே தளர்ந்தது. ரேசானைவிடச் சின்னக் குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைகள் எல்லாம் உள்ளேயே இருந்தார்கள். அவர்களுடைய அம்மாக்கள் இனிப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் நின்றார்கள். ரேசானும் ஆடவில்லை.

சில நாள் கழித்து, பெஸ்னா நாலாவது மாடிப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ரேசான் மேலே ஏறி வந்தான். இரண்டு படி கீழே நின்றான்.

"பெஸ்னா அக்கா, காட்டிக்குடுத்தது நீங்க இல்ல. எங்க அப்பாதான்."

பெஸ்னா துடைப்பதை நிறுத்தவில்லை. "யாரு சொல்லிக் குடுத்து வர்ற?"

"யாரும் இல்ல. என்னை வெளிய விடறப்ப அங்க போலீஸ்காரன் ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே சொன்னான். 'அப்பாவுக்கு நன்றி சொல்லு, உனக்காக நிறைய பேசினார்'னு. நான் வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் இல்லைன்னு சொல்லல."

அவன் அப்பா வீட்டில் தங்குவதை விட்டுவிட்டான். சங்கத்து அறையில் பெஞ்சில் படுக்கிறான். அங்கே யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அப்பாவைக் கொன்றுவிடுவார்களோ என்று பயம். சொல்லாமல் இருந்தால் பெஸ்னாவின் பழி அப்படியே. நீங்களே சொல்லுங்கள் நான் என்ன செய்ய என்று கேட்டான். பெஸ்னா துணியைப் பிழிந்தாள். இதுவும் ஒரு பொறியாக இருக்குமோ, தன்னிடம் இதைச் சொல்லிவிட்டு எங்கே முளைக்கிறதென்று பார்க்கிறார்களோ என்றுதான் முதலில் நினைத்தாளாம். அவன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். "ஈரம் காயட்டும், மிதிக்காம எறங்கிப் போ" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் ஃபிக்ரி வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் தனியாக இருந்தார். இரண்டு மாதத்தில் பத்து வருஷம் மூத்திருந்தார்.

"உள்ள வா."

"வேணாம். இங்கயே நிக்கிறேன்."

அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "பையன அடிச்ச படத்தக் காட்டினாங்க பெஸ்னா. முதல்ல பஸ்ஸு மட்டும்தான்னு சொன்னாங்க. அப்புறம் விடல. உன் பேர நானா கொண்டுவரல. ஏற்கெனவே எல்லாரும்…"

"அந்தக் கதை எனக்கு வேணாம். வேய்சிக்குக் காது போச்சு. பெரிஹான் உள்ள கெடக்கா. அதுக்கெல்லாம் நீங்க யார்கிட்ட பதில் சொல்லுவீங்களோ சொல்லுங்க. என் பேர மட்டும் எனக்குத் திருப்பிக் குடுங்க."

"எப்படி?"

"சனிக்கிழம மைக்கப் பிடிச்சு, பெஸ்னா இல்லைன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"நான் அப்படிச் சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா நான் எப்பவும் போல படிக்கட்டு கழுவுவேன். உங்க பையன் எப்பவும் போல பெஞ்சுல படுத்துப்பான்."

அவள் போய்விட்டாள். அவர் சொல்வார் என்று அவள் நம்பவில்லை. சனிக்கிழமை பூங்காவுக்குப் போகவும் இல்லை.

நான் போயிருந்தேன். வெயில் நன்றாக அடித்தது. அம்மாக்கள் படங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். ஃபிக்ரி மாமா எழுந்து மைக்கை வாங்கினார். வழக்கம்போல மகனில் ஆரம்பிப்பார் என்று காத்திருந்தோம். தொண்டையைச் செருமினார்.

"பெஸ்னா இல்ல" என்றார்.

பேச்சு அவ்வளவுதான். மைக் கையிலேயே இருந்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு வரிசை வரிசையாகப் புரிந்துகொண்டு போனதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஒருத்தி வாயைப் பொத்தினாள். ஹதியே கிழவி பெரிஹானின் படத்தை மார்போடு திருப்பி அணைத்துக்கொண்டாள், அவர் அதைப் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் அண்ணன் வேய்சிக்குச் சரியாகக் கேட்கவில்லை, "என்ன சொன்னார்?" என்று என்னைக் கேட்டான். நான் அவன் வலது காதில் சொன்னேன். அவன் எழுந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா மைக்கைப் புல்லின்மேல் வைத்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவே நடந்தார். ஜனங்கள் வழிவிட்டார்கள். யாரும் அவரைத் தொடவில்லை, துப்பவில்லை. அந்த வாரமே மெர்சினில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை. அங்கேயே இறந்தார் என்று கேள்வி. மகன் சாவுக்குப் போனான், மண் போட்டான், அன்றே திரும்பினான்.

பெஸ்னாவின் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஹதியே பாலாடைக்கட்டியோடு வந்தாள். வேய்சி சூடான ரொட்டி அனுப்பினான். பெஸ்னா எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு, "இப்ப என்ன வேணும்?" என்று கேட்டாள். சங்கத்து அடுக்களை காலியாகவே இருக்கிறது, வந்துவிடு என்றார்கள். பல மாதம் அவள் போகவில்லை. கடைசியில் ஒருநாள் படியேறி வந்து, "டீ போட வரல, உக்கார வந்திருக்கேன்" என்று சொல்லி, மேஜை அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு ஹதியே கிழவிதான் டீ கொண்டுவந்தாள். பெஸ்னா அதைக் குடிக்குமுன், கிழவியின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

அந்தப் பார்வை அவளிடம் தங்கிவிட்டது. யாராவது அவளைப் புகழ்ந்தால் புருவத்தைச் சுருக்குவாள். மகள்களைப் பெண் கேட்டு வந்தவர்களை, போலீஸ் விசாரிப்பதைப்போல விசாரித்தாள்.

சில வருஷம் கழித்து, பெரிஹான் சிறுநீரகம் கெட்டுப்போய்ச் சிறையிலிருந்து வெளியே வந்தாள். முதலில் போன வீடு பெஸ்னா வீடு. சிறைக்குள்ளும் செய்தி வந்ததாம், பெஸ்னாவை நம்பாதே என்று. யார் சொல்கிறார்கள் என்று பெரிஹான் கேட்டிருக்கிறாள். எல்லோரும் சொல்கிறார்கள் என்று பதில் வந்தது.

"எல்லாரும் சொல்றாங்கன்னா, ஒரே ஒருத்தன் நல்லா சொல்லியிருக்கான்னு அப்பவே நெனச்சேன்" என்றாள் பெரிஹான். "ஆனா ஃபிக்ரின்னு நெனக்கல."

"நெனச்சிருந்தா?"

"நெனச்சிருந்தா அவன்கிட்டயே கேட்டிருப்பேன்."

பெரிஹான் மறுபடியும் தேர்தலில் ஜெயித்தாள். நல்ல காலம் நீடிக்கவில்லை. கோட்டைச்சுவருக்குள் இருக்கிற பழைய நகரத்தில் டாங்கிகள் நுழைந்து தெருக்களை இடித்த குளிர்காலம் வந்தது. அதற்குப் பிறகு மேயர்களை ஒவ்வொருவராக நீக்கி, அரசாங்கமே ஆள் போட்டது. பெரிஹானை மீண்டும் பிடித்துக்கொண்டு போனார்கள். சங்கத்தை மூடி முத்திரை வைத்தார்கள்.

அவளுக்காக மறுபடி தொடங்கிய இயக்கத்தின் முதல் கூட்டம் எங்கள் ரொட்டிக்கடையின் மாவு அறையில் கூடியது. மூட்டைகளின்மேல் உட்கார்ந்தோம். பெஸ்னாதான் நடத்தினாள். பெரிஹானைப் பற்றிப் பேசுமுன் அவள் சொன்னாள்: "யார் மேலயாவது யாருக்காவது சந்தேகம் இருந்தா, அவங்க மூஞ்சியப் பாத்து இப்பவே சொல்லிடுங்க. டீக் கிளாஸ்கிட்ட சொல்லாதீங்க."

ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க எல்லோரும் பாடுபட்டார்கள். கடைசியில் ஹதியே கிழவி தடியை ஊன்றி எழுந்தாள். வாசலருகே சுவரில் சாய்ந்து நின்ற ரேசானைக் காட்டினாள்.

"என் மனசுல இருக்கு, சொல்லிடறேன். அப்பன் அப்படி. இந்தப் பையன் ஏன் இங்க நிக்கிறான்?"

ரேசான் வெளுத்தான். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கதவுப் பக்கம் திரும்பினான்.

"நில்லு" என்றாள் பெஸ்னா. பிறகு கிழவியிடம், "மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்க, அது போதும். அவன் பதில் சொல்லட்டும், கேப்போம். நம்பறதும் நம்பாததும் அப்புறம்" என்றாள்.

தான் உட்கார்ந்திருந்த மூட்டையில் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். ரேசான் வந்து உட்கார்ந்தான். அவளும் அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள், எல்லோரையும் பார்க்கிற அதே பார்வைதான். அவன் பேச ஆரம்பித்தான். வேய்சி வலது காதை அவன் பக்கம் திருப்பிக்கொண்டான்.